பகடிவதைக்கு ஆளான சிறுவன் தேடிய கலை

இடைநிலைப் பள்ளியில் புறப்பாட நடவடிக்கைக்குப் பெயர் கொடுக்கும் நாளில் நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கும். சிலம்பமா, சீலாட்டா, தேக்வாண்டோவா, கராத்தேயா? எது அதிகச் சக்தி வாய்ந்தது? எதைக் கற்றுக்கொண்டால் யாரும் நம்மிடம் வம்புக்கு வரமாட்டார்கள்?

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு தோக்கியோவில் ஒரு மாணவன் இதே கேள்வியோடு அலைந்தான். பெயர் கொடுக்க அவனுக்கு ஒரு மன்றம்கூட இல்லை. கற்றுத்தர முன்வந்த ஆளும் இல்லை. பின்னாளில் ஜூடோ கலையை உருவாக்கிய ஜிகோரோ கானோதான் அந்த மாணவன்.

கானோ 1860ஆம் ஆண்டு, கோபே நகருக்கு அருகில் உள்ள மிக்காகே என்ற ஊரில் பிறந்தார். அரிசியிலிருந்து சாக்கே மது தயாரிக்கும் வசதியான குடும்பம் அது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை அரசாங்கப் பணியில் இருந்தவர். மகன் நன்றாகப் படிக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்த அவர், அவரைத் தோக்கியோவுக்கு அழைத்து, ஆங்கிலமும் ஜெர்மனும் பயன்படும் தங்கும் பள்ளி ஒன்றில் சேர்த்தார்.

படிப்பில் கானோ கெட்டிக்காரர். உடலோ மிகச் சிறியது. வளர்ந்த பிறகும் அவரது உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். இளமையில் எடை 40 கிலோவை ஒட்டியே இருந்தது. பள்ளியில் பலசாலி மாணவர்கள் அவரைப் பகடிவதை செய்தார்கள். தேர்வில் முதலிடம் பிடித்தாலும், விடுதிக்குத் திரும்பினால் அடிதான். தற்காப்புக் கலை மீது அவருக்கு ஆசை பிறந்தது இப்படித்தான். ஒழுக்கம், உலக அமைதி போன்ற பெரிய எண்ணங்கள் எதுவும் அப்போது அவருக்கு இல்லை. அடி வாங்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

முன்பு ஷோகன் ஆட்சியில் காவல் வீரராக இருந்த குடும்ப நண்பர் ஒருவர், சிறியவன் பெரியவனை வீழ்த்த உதவும் ஜுஜுட்சு என்ற கலையைப் பற்றிச் சொன்னார். கானோ கற்றுத்தரும்படி கேட்டார். நண்பர் மறுத்துவிட்டார். தந்தைக்கும் விருப்பமில்லை. இந்தக் காலத்தில் அது எதற்கு என்பது அவர்களுடைய நினைப்பு. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் ஜப்பான் மேற்கத்தியக் கல்வி, தொழில்நுட்பம் பக்கம் திரும்பியிருந்தது. சாமுராய்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஜுஜுட்சு பயிற்சிக்கூடங்கள் பல ஆளில்லாமல் மூடப்பட்டன.

1877இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கானோ, இனி யாரையும் கெஞ்சாமல் தானே ஆசிரியரைத் தேடுவது என்று முடிவு செய்தார். அவர் தேடிப் போனது எலும்பு முறிவு வைத்தியர்களை. பயிற்சிக்கூடத்தை மூடிய ஆசான்கள் பலர், உடற்கூறு பற்றித் தங்களுக்கு இருந்த அறிவை வைத்து எலும்பு கட்டும் தொழிலுக்குப் போயிருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு தப்பவில்லை. ஒரு வைத்தியர் காட்டிய வழியில், டென்ஜின் ஷின்யோ பிரிவைச் சேர்ந்த ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானை அடைந்தார்.

ஃபுகுடா விளக்கம் சொல்லிக் கற்றுக்கொடுப்பவர் அல்லர். ஒரு பிடியை எப்படிச் செய்வது என்று கானோ கேட்டால், ஆசான் அவரைத் தூக்கிப் போடுவார். மறுபடியும் கேட்டால் மறுபடியும் தூக்கிப் போடுவார். விழுந்து விழுந்தே கற்கவேண்டும். கானோ உடம்பெங்கும் காயங்களோடும் களிம்போடும் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆனாலும் நிறுத்தவில்லை.

அங்கே தன்னைவிட மிகப் பருமனான மூத்த மாணவர் ஒருவரை அவரால் அசைக்கவே முடியவில்லை. வெறும் பயிற்சி போதாது என்று புரிந்ததும் கானோ நூலகத்துக்குப் போனார். சுமோ உத்திகளை ஆராய்ந்தார். மேற்கத்திய மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிராளியின் கீழே புகுந்து தோளில் சுமந்து வீசும் உத்தி ஒன்று அகப்பட்டது. அதைப் பழகி, அந்த மூத்த மாணவரையே வீழ்த்திக் காட்டினார். இன்றும் ஜூடோவில் அது கட்டா குருமா என்ற பெயரில் இருக்கிறது.

1879இல், ஜப்பானுக்கு வருகை தந்த அமெரிக்க முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் முன்னிலையில் நடந்த ஜுஜுட்சு காட்சியில் கானோவும் பங்கேற்றார். அதன்பின் விரைவிலேயே ஃபுகுடா காலமானார். கானோ அடுத்து இசோ மசடோமோ என்ற ஆசானிடம் சேர்ந்தார். அவரும் மறைந்தபின் கிட்டோ பிரிவைச் சேர்ந்த ஈகுபோ சுனெதோஷியிடம் போனார். முதல் பிரிவில் மூட்டுப் பூட்டு, கழுத்து நெரிப்பு, தரைப்பிடி ஆகியவை அதிகம். கிட்டோ பிரிவு எறிதலுக்குப் பெயர் பெற்றது. எந்த ஒரு பிரிவிலும் எல்லாம் இல்லை என்பதை கானோ நேரில் கண்டார். தம் பயிற்சிக் குறிப்புகளை அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார் என்பது, இருமொழியில் படிக்கும் நமக்குச் சுவையான செய்தி.

எறிதல் ஏன் சில நேரம் எளிதாகவும் சில நேரம் முடியாமலும் போகிறது என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். விடை எதிராளியின் நிலைகுலைவில் இருந்தது. நேராக நிற்கும் ஒருவரைத் தூக்கப் பலம் வேண்டும். அவர் தள்ளும்போது நாம் இழுத்தால், அவருடைய வேகமே அவரை முன்னால் சாய்த்துவிடும். அந்த நொடியில் சிறிய விசை போதும். இதற்கு குசுஷி என்று பெயர். இதைப் பிடித்துக்கொண்டபின் ஆசான் ஈகுபோவையே பலமுறை வீழ்த்தினார். இனித் தாம் கற்றுத்தர எதுவும் இல்லை என்று உணர்ந்த ஆசான், தம் பிரிவின் ஏடுகளைச் சீடரிடம் ஒப்படைத்தார்.

1882இல், தோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்த ஆலயத்தின் ஓர் அறையில் கானோ கோடோகான் என்ற தம் பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய் விரிக்கும் இடம். நம் வகுப்பறையில் பாதிகூட இருக்காது. முதல் ஆண்டில் பத்துப் பேருக்கும் குறைவான மாணவர்களே சேர்ந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22கூட நிரம்பவில்லை. பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றியும், மொழிபெயர்த்தும் கிடைத்த பணத்தில் பயிற்சிக்கூடத்தை நடத்தினார்.

அங்கே அவர் எடுத்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஜுஜுட்சுவில் கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது போன்ற ஆபத்தான உத்திகள் இருந்தன. இவற்றை ஒரு நண்பன்மீது முழு வேகத்தில் பழக முடியாது. பழகினால் அடுத்த நாள் பயிற்சிக்கு நண்பன் வரமாட்டான். பாவனையாகப் பழகினாலோ, தேவைப்படும் நேரத்தில் கை வராது. ஆகவே அத்தகைய உத்திகளை முன்கூட்டியே வகுத்த வரிசைப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கினார். எஞ்சியவற்றை, எதிராளி முழுமையாக எதிர்த்து நிற்கும் ராண்டோரி என்ற சுதந்திரப் பயிற்சியில் நாள்தோறும் பழகவைத்தார். அடிபடாமல் விழுவதற்கும் முறையான பயிற்சி தந்தார்.

ஆபத்தானவற்றை விலக்கிய கலை பலவீனமாகத்தானே இருக்கும் என்று பழைய பள்ளிகள் நினைத்தன. 1880களில் தோக்கியோ காவல்துறை நடத்திய போட்டிகளில் அதற்குப் பதில் கிடைத்தது. கோடோகான் மாணவர்கள் பழைய பிரிவுகளின் தேர்ந்த வீரர்களை வென்றார்கள். எதிர்க்கும் ஆளோடு அன்றாடம் பழகியவர்களுக்கு உண்மையான எதிராளி புதியவனாக இல்லை.

1889இல் கானோ ஐரோப்பாவுக்குக் கல்விப் பயணம் போனார். நாடு திரும்பும் வழியில், கப்பலில் ஒரு வெளிநாட்டு அதிகாரி அவரோடு மல்லுக்கு நின்றதாகச் சொல்லப்படுவதுண்டு. கானோ அவரைத் தூக்கி எறிந்தார். ஆனால் தலை தளத்தில் மோதாதபடி தம் கையைக் கொடுத்துத் தாங்கினாராம். விடுதியில் அடி வாங்கிய சிறுவன் கற்க நினைத்தது இதை அல்ல. கற்றபின் அவர் இப்படி ஆகியிருந்தார்.

1893இல் தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவரானார். இடையிடையே விலகியிருந்தாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார். 1909இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1922இல், ஒக்கினாவாவிலிருந்து வந்த ஃபுனாகோஷி கிச்சினை கோடோகானுக்கு அழைத்து கராத்தேயைச் செய்து காட்டவைத்தார். கராத்தே மாணவர்கள் அணியும் வெள்ளைச் சீருடையும் கறுப்புப் பட்டையும் ஜூடோவிலிருந்து போனவை.

பெண்களுக்கும் கானோ 1890களிலேயே பயிற்சி தரத் தொடங்கினார். ஆனால் போட்டிகளில் இறங்க அவர்களுக்கு இடமளிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் தம் காலத்தைத் தாண்டவில்லை. இருந்தாலும், தம் முதல் ஆசான் ஃபுகுடாவின் பேத்தி கெய்கோவை 1930களில் அவரே அழைத்துப் பயிற்சியில் சேர்த்தார். ஐந்தடி உயரம்கூட இல்லாத கெய்கோ, பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்து, 98 வயதில் பத்தாம் டான் தகுதி பெற்ற முதல் பெண்மணியானார். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ 1992இல்தான் முழுப் போட்டியாக இடம்பெற்றது.

1940 ஒலிம்பிக்கைத் தோக்கியோவுக்குக் கொண்டுவர கானோ முதுமையிலும் ஓடியாடி உழைத்தார். 1938இல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் மன்றக் கூட்டத்துக்குப் போய்விட்டு, ஹிகாவா மாரு கப்பலில் திரும்பும்போது மே 4ஆம் நாள் காலமானார். போர் காரணமாக ஜப்பான் அந்த ஒலிம்பிக்கையும் கைவிட்டது. 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது, ஜூடோவும் முதன்முறையாக அதில் சேர்ந்தது.

நாம் ஜூடோதான் கற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு பயிற்சிக்கூடத்தில் பெயர் கொடுக்கும் முன், ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாம். மாணவர்கள் தங்களை எதிர்த்து நிற்கும் ஆளோடு பழகுகிறார்களா? புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் விழக் கற்றுத்தருகிறார்களா? பயிற்சி முடிந்து எல்லாரும் நல்லபடியாக வீட்டுக்குப் போகிறார்களா? மிகச் சிறியவரைப் பெரியவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? எந்தக் கலை பெரியது என்ற வாக்குவாதத்தைவிட, இந்தக் கேள்விகளுக்கான பதில் நமக்கு அதிகம் உதவும்.