மரத்தின் குணம் அறிந்த தச்சர்

ஜப்பான் நாட்டில் நாரா என்னும் பழைய தலைநகரத்துக்கு அருகே இக்காருகா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஹோரியூஜி என்னும் புத்தர் கோயில், இன்றும் நிற்கின்ற மரக் கட்டடங்களில் உலகிலேயே மிகப் பழமையானது. சுமார் 1300 ஆண்டுகளாகப் புயலையும் பூகம்பத்தையும் தாங்கி நிற்கிறது. அதன் தூணும் உத்தரமும் ஹினோக்கி என்னும் மரத்தால் ஆனவை. இது சைப்ரஸ் இனத்தைச் சேர்ந்த மரம். மெதுவாக வளரும், நெருக்கமான வைரம் உடையது, நல்ல வாசனை உண்டு, எளிதில் உளுத்துப் போகாது.

இந்த மரத்தோடு பிறந்து, இந்த மரத்தோடு வாழ்ந்து மறைந்தவர் நிஷியோகா சுனேகாசு. ஜப்பானில் கோயில் தச்சர் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இவர் பெயர்தான்.

வயலுக்கு அனுப்பிய தாத்தா

நிஷியோகா 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி இக்காருகாவில் பிறந்தார். பரம்பரையாகக் கோயில் தச்சு வேலை செய்து வந்த குடும்பம். தாத்தா சுனேகிச்சி ஹோரியூஜியின் தலைமை ஆசாரி. தந்தை விவசாயக் குடும்பத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனாரிடமே தொழில் கற்றவர்.

சிறுவனாக இருக்கும்போதே பேரனைத் தாத்தா வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுவார். ஒத்த வயதுப் பிள்ளைகள் பந்து விளையாடிக் கொண்டிருக்க, தான் மட்டும் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது பையனுக்குப் பெரிய மனக்குறை.

மேற்படிப்புக்குத் தொழிற்கல்விப் பள்ளியில் சேர்க்கலாம் என்றார் தந்தை. தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. விவசாயப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மரம் மண்ணில் பிறக்கிறது; மண்ணை அறியாதவனுக்கு மரம் புரியாது என்பது கிழவரின் கணக்கு.

படிப்பு முடிந்ததும் உளியைக் கையில் கொடுக்கவில்லை, வயலில் இறக்கிவிட்டார். படித்தபடியே பயிர் செய்த பேரனுக்கு, அக்கம்பக்கத்து விவசாயிகளைவிட நெல் குறைவாகத்தான் விளைந்தது. நீ புத்தகத்தோடு பேசினாயே தவிர, பயிரோடு பேசவில்லை. தச்சனும் மரத்தோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று தாத்தா புத்தி சொன்னார். அந்தச் சொல்லை நிஷியோகா கடைசி வரை மறக்கவில்லை.

மலையை வாங்கு

கோயில் தச்சர்களிடம் வாய்வழியாக வந்த சில விதிகள் உண்டு. அவற்றில் முதன்மையானது, மரத்தை வாங்காதே, மலையை வாங்கு என்பது. அறுத்து வைத்த பலகையைப் பார்த்து வாங்கினால் அதன் குணம் தெரியாது. மலைக்கே போய், மரம் எந்தச் சரிவில் நிற்கிறது, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓயாமல் ஒரே பக்கம் காற்று அடிக்கும் இடத்து மரம் முறுக்கேறியிருக்கும். வெட்டிய பிறகும் அந்த முறுக்கு போகாது.

வெயில் படும் தெற்குச் சரிவு மரத்தில் கிளையும் கணுவும் அதிகம். அதைக் கட்டடத்தின் தெற்குப் பக்கமே நிறுத்த வேண்டும். இடப்பக்கம் திரும்பும் மரத்தை வலப்பக்கம் திரும்பும் மரத்தோடு சேர்க்க வேண்டும். ஒன்றின் முறுக்கை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கோணல் மரம் என்று எதையும் ஒதுக்கக் கூடாது. ஆட்களை வைத்து வேலை வாங்குவதும் இப்படித்தான். அவரவர் குணம் அறிந்து சேர்ப்பவனே மேஸ்திரி என்பது அவர்கள் முறை.

ஹோரியூஜியைப் பழுதுபார்க்கும் பெரும் பணி 1934இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. கட்டடங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்தார்கள். தாத்தா சொன்னது உண்மை என்று நிஷியோகா கண்ணால் கண்டது அங்கேதான். தெற்குத் தூண்களில் கணுக்கள் நிறைந்திருந்தன. ஓட்டின் பாரத்தை இறக்கியதும், நூற்றாண்டுகளாக வளைந்திருந்த மரம் மெல்ல நிமிர்ந்தது. இழைப்புளி பட்ட இடத்தில் புது ஹினோக்கி போல வாசனை வீசியது.

அறிவியலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. வெட்டிய ஹினோக்கியின் வலு இருநூறு முந்நூறு ஆண்டுகள் வரை கூடிக்கொண்டே போய், அதன் பிறகுதான் மெதுவாகக் குறையத் தொடங்குகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

பட்டினியும் நோயும்

பணி நடுவே யுத்தம் வந்தது. நிஷியோகா பல முறை பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டார். யுத்தம் முடிந்தபின் உணவுப் பஞ்சம். கோயில் வேலையும் சரிவரக் கிடைக்கவில்லை. 1949ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி கோயிலின் மூலக் கட்டடத்தில் தீப்பிடித்து, பழைய சுவர் ஓவியங்கள் கருகின. மேல்தளத்தை முன்பே பிரித்து எடுத்திருந்ததால் அந்த மரங்கள் மட்டும் தப்பின.

கோயில் தச்சன் வீடு கட்டும் வேலைக்குப் போகக் கூடாது என்பது பரம்பரைக் கட்டுப்பாடு. வீட்டு வேலையில் லாபக் கணக்கு வந்துவிடும், லாபம் பார்த்தால் கை கெட்டுவிடும் என்று காரணம் சொல்வார்கள். நிஷியோகா அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. பிள்ளைகளின் பசியாற்றப் பரம்பரை நிலத்தை விற்றார். காசநோயும் வந்து படுக்கையில் தள்ளியது. ஆனாலும் எழுந்து வந்தார்.

பண்டிதர்களோடு வாதம்

பக்கத்திலுள்ள ஹோரின்ஜி கோயிலின் மூன்றடுக்குக் கோபுரம் 1944இல் இடி விழுந்து எரிந்துபோயிருந்தது. எழுத்தாளர் கோதா ஆயா அம்மையார் ஊர் ஊராகப் போய் நிதி திரட்ட, மறுபடி கட்டும் வேலை நிஷியோகாவிடம் வந்தது. வலுவுக்கு இரும்பு வைக்க வேண்டும் என்றார்கள் கட்டடக் கலைப் பண்டிதர்கள். இரும்பு நூறு ஆண்டில் துருப்பிடிக்கும், ஹினோக்கி ஆயிரம் ஆண்டு நிற்கும். ஆயிரம் ஆண்டுப் பொருளை நூறு ஆண்டுப் பொருளிடம் ஏன் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் எதிர்த்து நின்றார். விவசாயப் பள்ளியோடு படிப்பை முடித்த ஆசாரி, பேராசிரியர்களோடு வாதாடியது நாடெங்கும் பேச்சாயிற்று. கோபுரம் 1975இல் எழுந்தது.

அதற்குள் யாக்குஷிஜி கோயில் அவரை அழைத்துக்கொண்டது. அதன் தலைமைத் துறவி தகாதா கோயின், பக்தர்கள் புத்த சூத்திரத்தைக் கையால் எழுதி ஆயிரம் யென் காணிக்கையோடு தர வேண்டும் என்று கேட்டார். பத்து லட்சம் பிரதிகள் சேர்ந்தன. பணம் கிடைத்தது; மரம்தான் கிடைக்கவில்லை. அத்தனை பெரிய ஹினோக்கி ஜப்பானில் இல்லை. நிஷியோகா தைவான் மலைகளுக்கே போய், ஆயிரம் ஆண்டு கடந்த சைப்ரஸ் மரங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

1976இல் மூலக் கட்டடம் எழுந்தது. சிலைகளைத் தீயிலிருந்து காக்க வேண்டும் என்று அதன் கருவறைக்குள் கான்கிரீட் வைக்கப்பட்டது. அதை அவரால் தடுக்க முடியவில்லை. அந்தக் குறை அவர் மனதில் நின்றுவிட்டது.

1981இல் மேற்குக் கோபுரமும் முடிந்தது. எதிரே நிற்பது 730ஆம் ஆண்டைச் சேர்ந்த கிழக்குக் கோபுரம். புதியதை அதைவிட ஓர் அடி உயரமாகவே கட்டினார். நூற்றாண்டுகள் போகப் போக மரம் அமுங்கி இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க இன்று உயிரோடிருப்பவர் யாரும் இருக்கப் போவதில்லை. அதைத் தெரிந்தேதான் கணக்குப் போட்டார்.

யார் கையில் கொடுப்பது

ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டினால், கட்டடத்தில் அது இன்னும் ஆயிரம் ஆண்டு வாழ வழி செய்ய வேண்டும். அதற்குள் மலையில் அடுத்த மரம் வளர்ந்துவிடும் என்று அவர் சொல்லி வந்தார். காடு அழிவதைக் கண்டு வருந்தினார். தைவானும் 1991இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டது.

மரத்தைப் போலவே ஆளும் அருகிப்போயிற்று. அவருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஹோரியூஜியைப் பார்த்து மனம் பறிகொடுத்த ஒகாவா மிட்சுவோ என்ற இளைஞர் தேடி வந்தார். வேலை இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பிய நிஷியோகா, 1969இல் சீடராகச் சேர்த்துக்கொண்டார். பத்திரிகை, டெலிவிஷன் எதுவும் கூடாது. ஓராண்டு ஆயுதம் தீட்டுவது மட்டுமே வேலை என்றார். ஹோரின்ஜி கோபுரத்தை முடித்துக் கொடுத்ததும், பின்னர் பல இளைஞர்களுக்கு இத்தொழிலைக் கற்பித்ததும் அந்தச் சீடர்தான்.

ஜப்பான் அரசு 1992இல் நிஷியோகாவுக்குப் பண்பாட்டுச் சேவைக்கான உயரிய கௌரவம் அளித்தது. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி தமது 86ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற சொத்து பெரிதில்லை. மேற்குக் கோபுரம் மட்டும், ஓர் அடி உயரமாக நின்றபடி, தன் காலத்துக்குக் காத்திருக்கிறது.