வாசகரைத் தேடிச் சென்ற நூலகர்

தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு இராமாமிர்தம், சீதாலட்சுமி ஆகியோரின் மகனாகப் பிறந்தவர் அரங்கநாதன். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். இளமையில் அவருக்குத் திக்குவாய்க் குறை இருந்தது. விடாமுயற்சியால் அதனை வென்ற அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். மாணவர் சூழ இருப்பதே அவருக்கு மகிழ்ச்சி தந்தது.

1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் அமர்த்தப்பட்டார். அங்கே நூல்கள் இருந்தன. வாசகர்கள் அரிதாகவே வந்தனர். மாணவர் கூட்டத்தில் பழகிய அவரால் அந்தத் தனிமையைத் தாங்க இயலவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிப் பணிக்குத் திரும்ப விரும்பினார். முதலில் இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வருமாறும், பிறகும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்றும் மேலோர் அவரை இணங்கச் செய்தனர்.

இங்கிலாந்தில் நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை அவர் நேரில் கண்டார். அறிஞர்கள் மட்டுமன்றித் தொழிலாளரும் பெண்களும் சிறுவரும் அங்கே நூல்களைப் பயன்படுத்தினர். நூலகம் என்பது ஏடுகளைப் பூட்டிக் காக்கும் இடம் அன்று; மக்கள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் கல்வி தரும் இடம் என்பதை அவர் உணர்ந்தார். 1925இல் நாடு திரும்பியபோது, கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அவரை விட்டு அகன்றிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில், வாசகர்கள் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க வழிசெய்தார். ஓய்வு நாளும் பாராது உழைத்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் சிதம்பரத்தில், தாம் வகுத்த ஐந்து விதிகளை முதன்முதலாக எடுத்துரைத்தார். அவை 1931ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பது ஐந்தாவது.

இவற்றுள் இரண்டாம் விதி எளிமையாகத் தோன்றினும் ஆழமானது. ஒவ்வொரு வாசகரும் என்னும்போது யாரையும் விலக்க இயலாது. செல்வரும் வறியவரும், ஆணும் பெண்ணும், நகரத்தாரும் சிற்றூராரும் அதில் அடங்குவர். கண்பார்வை அற்றோர், சிறையில் இருப்போர், மாதக்கணக்கில் கப்பலில் வாழும் கடலோடிகள் ஆகியோரையும் அரங்கநாதன் மறவாது தம் நூலில் எண்ணிப் பார்த்தார். நூலகத்துக்கு வர இயலாதவரிடம் நூலகமே செல்ல வேண்டும் என்பது அவ்விதியின் பொருளாயிற்று.

அது சொல்லளவில் நின்றுவிடவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசல் சிற்றூரில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அரங்கநாதன் பரப்பிய இயக்கத்தின் வழிநின்று அதனை உருவாக்கியவர் கனகசபை பிள்ளை. நூல்களை அடுக்கிய வண்டி ஊர் ஊராகச் சென்றது. நகரத்து நூலகத்தின் படியையே மிதித்தறியாத உழவர்களின் வாயிலுக்கு நூல்கள் வந்தன.

ஆயினும் நல்லெண்ணம் கொண்ட ஒருவர் ஓய்ந்தால் வண்டியும் ஓய்ந்துவிடும். நூலகம் நிலைக்க வேண்டுமாயின் சட்டமும் நிலையான வருவாயும் தேவை என்று அரங்கநாதன் கருதினார். 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியுடன் மக்கள் செலுத்தும் சிறு தொகை, அம்மக்களுக்கே நூலகமாகத் திரும்பியது.

அக்காலத்தில் ஃபோர்ட் கொச்சி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே அச்சட்டம் அங்கும் செல்லுபடியாயிற்று. ஆனால் அதனை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஆட்சிப் பகுதி. நடந்தே கடக்கும் தொலைவில் இருந்தும், மட்டாஞ்சேரி மக்களுக்கு அச்சட்டம் உரியதாகவில்லை. கேரளம் முழுமைக்கும் ஒரே நூலகச் சட்டம் 1989இல்தான் உருவாயிற்று. எல்லைக்கோடு ஒன்றே வாசகரை எவ்வாறு விடுபடச் செய்யும் என்பதற்கு இதுவே சான்று.

அரங்கநாதன் பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கல்வி வளரத் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1972ஆம் ஆண்டு பெங்களூரில் மறைந்தார். ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாக நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மட்டாஞ்சேரியின் தெருக்களில் மலையாளத்துடன் தமிழும் கொங்கணியும் குசராத்தியும் ஒலிக்கின்றன. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தோரின் பிள்ளைகளும் அரங்கநாதன் குறிப்பிட்ட வாசகர்களே. நூலகத்தில் தம் தாய்மொழி நூல் வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. இரண்டாம் விதி அவர்களுக்கு அளித்த உரிமையைக் கேட்பதே ஆகும்.

சிந்தித்து எழுதுக

1. கல்லூரிக்குத் திரும்ப விரும்பிய அரங்கநாதனின் மனம் மாறியது ஏன்?
2. மாட்டுவண்டி நூலகம் இருந்தும் சட்டம் தேவைப்பட்டது எதனால்?
3. உங்கள் பகுதியில் நூலகத்துக்கு வர இயலாதவர் யாவர்? நூல்கள் அவர்களைச் சென்றடைய ஒரு வழி கூறி, நூலகருக்குக் கடிதம் எழுதுக.