மார்கரேட் ஸ்டைஃப் அம்மையார்

புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குத் துணியாலோ கம்பளி நூலாலோ ஒரு பொம்மையைத் தம் கையாலேயே செய்தளிப்பது பல தேசத்து மாதர்க்கும் உள்ள வழக்கம். அத்தகைய கைவேலை ஒன்றினின்று உலகறிந்த தொழிலை எழுப்பிய அம்மையாரின் சரிதத்தை இங்குச் சுருக்கமாய் வரைகின்றோம்.

ஜெர்மனியின் தென்பால், வூர்ட்டம்பர்க் நாட்டில், பிரென்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கீங்கன் என்னும் சிற்றூரில் 1847-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி மார்கரேட் பிறந்தார். தந்தையார் கட்டட வேலை செய்பவர். ஒன்றரை வயதில் கண்ட இளம்பிள்ளை வாதம் குழந்தையின் இரு கால்களையும் செயலறச் செய்தது, வலக்கையும் வலுவிழந்தது. 1856-இல் லுட்விக்ஸ்பர்க் நகரத்து வைத்தியரிடமும், பின்னர் வில்ட்பாட் வெந்நீரூற்றுக்கும் அனுப்பப்பெற்றார். யாதொரு பயனும் விளையவில்லை. உடன்பிறந்தோரும் அயல்வீட்டுச் சிறுவரும் கைவண்டியில் வைத்து இழுத்துச்செல்ல, அவர் பள்ளிக்குப் போய்வந்தார்.

வலக்கை வலுவிழந்த பெண்ணுக்குத் தையல் எதற்கு என்று நாமாயினும் கேட்டிருப்போம். அவரோ தையற்பள்ளியிற் சேர்ந்து, பதினேழாம் வயதிற் பயிற்சியை முடித்தார். மூத்த சகோதரியரோடு கூடித் தையற்கூடம் நடத்தினார். தையல் யந்திரம் ஒன்று வாங்கப்பட்டபோது, அதன் சக்கரம் வலப்புறத்தே இருந்தமையால் அவரால் சுழற்ற இயலவில்லை. யந்திரத்தையே முன்பின்னாகத் திருப்பிவைத்து, இடக்கையாற் சுழற்றித் தைக்கலானார். இச்சரிதத்தில் எமக்கு மிக உவப்பான செய்தி இதுவே.

1877-இல் ஃபெல்ட் துணியாடைகள் விற்கும் கடையொன்று திறந்தார். ஃபெல்ட் என்பது தறியில் நெய்யாது, ஆட்டுமயிரை நனைத்து அழுத்தித் திரட்டிய துணி. இரண்டாண்டு கழித்து, ஒரு மாதர் பத்திரிகையில் யானை வடிவம் ஒன்றைக் கண்டு, அதனைப் பார்த்து ஊசி குத்திவைக்கும் சிறு திண்டுகளை ஃபெல்ட் துணியால் தைத்து, உள்ளே ஆட்டுமயிர் அடைத்து, உற்றாருக்குப் பரிசாக அளித்தார். ஊசி குத்துவாரைக் காணோம். குழந்தைகள் அவற்றைப் பற்றிக்கொண்டுபோய் விளையாடினர். திண்டு விளையாட்டுப் பொருளாயிற்று!

வியப்பதற்கில்லை. அக்காலத்துக் கடைப்பொம்மைகளிற் பெரும்பாலன மரத்தாலும் தகரத்தாலும் பீங்கானாலும் ஆனவை. கைக்குழந்தையோ எப்பொருளையும் வாயில் வைக்கும், கீழே எறியும், அணைத்துக்கொண்டு உறங்கும். துணிப்பொம்மையைத் தாய்மார் முன்னரே அறிவர்; அதனைச் செவ்விய வடிவில், உறுதியான தையலுடன் கடைக்குக் கொணர்ந்தது இவ்வம்மையார் செய்த வேலை. தம்பி ஃபிரிட்ஸ் யானைகளை ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். 1886 அளவில் ஆண்டுக்கு 5,000-க்கு மேற்பட்டவை விலைபோயின. குரங்கு, கழுதை, ஒட்டகம், பன்றி ஆகியனவும் பின்தொடர்ந்தன. புதிய மாதிரி எதனையும் அவர் தாமே தைத்துப் பார்த்த பின்னரே பிறரிடம் கொடுப்பார். 1889-இல் எழுப்பிய புதுக்கட்டடத்தில் அவருடைய சக்கர நாற்காலி ஏறுதற்கேற்ற சாய்தளமும் அமைத்தனர்.

தம்பியின் மக்கள் அறுவரும் ஒருவர்பின் ஒருவராய்த் தொழிலிற் புகுந்தனர். அவருள் ரிச்சர்ட் என்பார் 1902-இல் கைகால் அசையும் கரடி ஒன்றை அமைத்தார். அம்மையார் முதலில் தயங்கினார் என்பர். மறு ஆண்டு லைப்சிக் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகள் வேண்டினார். அந்நாட்டு ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரால் அவ்வினத்துப் பொம்மைக்கு டெடி என்று பெயர் வழங்கலாயிற்று. 1907-இல் மட்டும் 9,74,000 கரடிகள் செய்யப்பட்டன. ஆலையில் 400 பேரும், தத்தம் வீட்டிலிருந்தே தைப்போர் 1,800 பேரும் வேலை செய்தனர்.

மணம் புரியாத அம்மையார் 1909 மே 9-ஆம் தேதி நுரையீரற் காய்ச்சலால் தம் அறுபத்தோராம் வயதில் காலமானார். போலிகளினின்று பிரித்தறியும்பொருட்டு 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் உலோகப் பொத்தான் ஒன்று பதித்துவந்தனர். முதற்பொத்தானிற் பொறித்திருந்தது கரடியன்று, யானை.