ஜாமினி ராய்

ஜாமினி ராய் (ஏப்ரல் 11, 1887 - ஏப்ரல் 24, 1972) இந்தியாவின் வங்காளத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர் ஆவார். ஐரோப்பிய முறையில் பயின்ற இவர், பின்னர் அதனைக் கைவிட்டு, வங்கச் சிற்றூர்களின் நாட்டுப்புற ஓவிய மரபைத் தழுவித் தமக்கெனத் தனிப்பாணி ஒன்றை உருவாக்கினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஜாமினி ராய் பாங்குரா மாவட்டத்தில் உள்ள பேலியாதோர் என்னும் ஊரில் பிறந்தார். சுடுமண் கோயில்களுக்குப் பெயர்பெற்ற விஷ்ணுபூர் இம்மாவட்டத்திலேயே உள்ளது. பொம்மை செய்வோரும் சுருள்பட ஓவியர்களான பட்டுவாக்களும் சந்தால் பழங்குடியினரும் வாழ்ந்த சூழலில் இவர் வளர்ந்தார். பதினாறாம் அகவையில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து, 1908 ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றார். அக்காலத்தில் அபனிந்திரநாத் தாகூர் அப்பள்ளியின் துணை முதல்வராக இருந்தார்.

பயிற்சிக்குப் பின் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படங்கள் தீட்டிப் பொருளீட்டினார். எனினும் இரவல் பாணியில் வரைவது இவருக்கு நிறைவளிக்கவில்லை. 1920களில் அத்தொழிலைத் துறந்தார். இதனால் சில ஆண்டுகள் வறுமையில் வாட நேர்ந்தது. முதலில் காளிகாட் ஓவியங்களைப் பின்பற்றினார். அவை நகரச் சுவைக்கு இசைந்து மாறிவிட்டதாகக் கருதியபின், சிற்றூர்ப் பட்டுவாக்களின் ஓவியங்களை நாடினார்.

வண்ணங்கள்

இவர் பெரும்பாலும் காவிச் சிவப்பு, மஞ்சட்காவி, பச்சை, சாதிலிங்கச் சிவப்பு, சாம்பல், நீலம், வெள்ளை ஆகிய ஏழு வண்ணங்களையே கையாண்டார். கடைகளில் விற்கப்பட்ட எண்ணெய் வண்ணங்களை விடுத்து, கற்பொடி, ஆற்று வண்டல், அவுரி, சுண்ணக்கட்டி போன்றவற்றிலிருந்து வண்ணங்களைத் தாமே உருவாக்கினார். புளியங்கொட்டைப் பசை அவற்றைப் பிணைக்க உதவியது. புறக்கோடுகளுக்கு விளக்குக்கரியைப் பயன்படுத்தினார். துணி, பாய், மரப்பலகை ஆகியவற்றின் மீது வரைந்தார். நிழலும் ஆழமும் காட்டாமல், தட்டையான வண்ணப் பரப்பையும் தடித்த கோட்டையும் கொண்டே உருவங்களை அமைத்தார். தாயும் சேயும், சந்தால் பெண்கள், கண்ணன், இயேசு, பூனைகள் ஆகியன இவர் விரும்பி வரைந்த பொருள்கள். இராமாயணக் கதையை 17 படங்களாகத் தீட்டியுள்ளார்.

பட்டறையும் திறனாய்வும்

ஓவியம் எளியோர் இல்லங்களையும் அடைய வேண்டும் என்பது இவரது கொள்கை. ஆகவே படங்களைக் குறைந்த விலைக்கு விற்றார். குடும்பத்தினரும் உதவியாளர்களும் பங்கேற்ற பட்டறையில் ஒரே படம் பலமுறை வரையப்பட்டது. ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வருவது குறையாகச் சுட்டப்பட்டதுண்டு. மேலும், எப்படம் இவர் கைப்பட வரைந்தது என்று பிரித்தறிவதும் கடினமாயிற்று. ஆயினும் ஓவியரின் தனித்த கையொப்பத்தை விடக் கூட்டுழைப்பையே பெரிதாகப் போற்றும் பட்டுவா மரபுக்கு இம்முறை பொருந்துவதே ஆகும்.

சிறப்புகள்

இவரது ஓவியங்கள் இலண்டனில் 1946 இலும் நியூயார்க்கில் 1953 இலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1954 ஆம் ஆண்டில் பத்மபூசண் விருது பெற்றார். இவரது மறைவுக்குப் பின், 1970களில் இவரது படைப்புகள் நாட்டின் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. இதனால் அவற்றை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய இயலாது. எளியோருக்கென மலிவாக விற்கப்பட்ட அப்படங்கள் இன்று பெருவிலை பெறுகின்றன.