ஐதராபாத்தின் கால்பந்து வாத்தியார்

இந்தியக் கால்பந்துக்குப் பெருமை தேடித் தந்தவர் சையத் அப்துல் ரஹீம். 1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஆசிரியர் வேலை பார்த்தார். 1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவின் பயிற்சியாளரானார். அக்குழு 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இவரது பயிற்சியில் இந்தியா 1951 ஆசியப் போட்டியில் தங்கம் பெற்றது. ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி. ரஹீம் மனம் தளரவில்லை. பின்களத்தில் இருவரை மட்டும் நம்பிய பழைய முறை போயிற்று. நாளடைவில் நால்வர் நிற்கும் 4-2-4 முறை வந்தது.

ஆள் பொறுக்குவதிலும் வல்லவர். செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராமைக் கண்டெடுத்தவர் இவரே. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்தது.

1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பின்கள வீரர் ஜர்னெயில் சிங்குக்கு வேறு தலையில் காயம். ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். அருண் கோஷும் மற்றவர்களும் பின்களம் காத்தனர். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி, மற்றொன்று ஜர்னெயில்!

புற்றுநோய் 1963 ஜூன் 11-ல் ரஹீமைக் கொண்டுபோயிற்று. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன்பின் தங்கம் கிடைக்கவேயில்லை.