மண்ணை அறிந்த வினோகிராட்ஸ்கி

நுண்ணுயிர் என்றதும் பாஸ்டரை நினைக்கிறோம். செர்கேய் வினோகிராட்ஸ்கியையோ பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துவிடுகிறோம். கோலார் தங்கவயலில் பிறந்த எனக்கு அவர்மீது தனிப் பற்று உண்டு. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1856இல் கீவ் நகரில் செல்வக் குடியில் பிறந்தார். சட்டம் பயின்றார், பிடிக்கவில்லை. பியானோ பயின்றார், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில்தான் விஞ்ஞானத்தில் மனம் ஊன்றியது. துறை மாறி வந்த நம் தோழர்களுக்கு இது ஆறுதல் அன்றோ!

1885இல் ஸ்டிராஸ்பர்க் சென்று, கந்தக ஊற்றுகளில் வெண்ணூல்போல் படரும் பெக்கியடோவா என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்தார். அதன் உடலுக்குள் கந்தக மணிகள் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாத நீரில் இட்டால் அவை கரைந்து மறையும். கந்தக நீரை மீண்டும் வார்த்தால் மறுபடியும் திரளும். கந்தகமே அதற்கு எரிபொருள் என்று 1887இல் உணர்த்தினார். பின்னர் சூரிச்சில், அம்மோனியாவை எரித்து வாழும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவைக் கொண்டே உடல் வளர்ப்பதைக் காட்டினார். கதிரவன் ஒளியின்றி, கனிமப் பொருளை உண்டும் உயிர் வாழலாம்!

புகழோடு நாடு திரும்பியவர், சில ஆண்டுகளில் ஆராய்ச்சியை விட்டுத் தம் பண்ணைக்குப் போய்விட்டார். 1917இல் புரட்சி வந்தது. உடைமை போயிற்று, நாடும் போயிற்று. அகதியாய் அலைந்தவரை 1922இல் பாரிஸ் பாஸ்டர் நிலையம் அழைத்தது. வயதோ அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் தொடங்கிய பணியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சத்தான சாற்றில் வளர்த்த கிருமியைக் கொண்டு மண்ணை அறிய முடியாது என்பது அவர் துணிபு. மண்ணில் புதிய உணவு விழுந்தால் ஒரு கூட்டம் பொங்கி எழும். உணவு தீர்ந்ததும் அடங்கும். மெல்ல வாழும் பழங்குடிக் கூட்டமே நிலைத்து நிற்கும். வெந்நீரூற்றுகளில் குலைந்த நுண்ணுயிர்ச் சமுதாயம் மீள்வதைப் பற்றி 1969இல் பிராக் தம்பதியர் எழுதினர். அத்தகைய ஆய்வுகளுக்கு முன்னோடி இவரே என்பது என் எண்ணம்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். என் பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. தங்கம் எடுத்தபின் கொட்டிய பாறைத்தூள்தான் எங்கள் சயனைடு மேடுகள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது, மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் அத்தூள் சோற்றுத் தட்டுவரை வரும். மரம் நடுங்கள் என்போர் பலர். மரத்துக்கு முன்னே அங்கு எந்த நுண்ணுயிர் குடியேற வேண்டும் என்று கேட்போர் சிலர். அக்கேள்வியையே என் ஆராய்ச்சியாக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

வினோகிராட்ஸ்கி தம் மண் ஆராய்ச்சிகளைத் திரட்டி 1949இல், தொண்ணூறு வயதைக் கடந்தபின், நூலாக வெளியிட்டார். 1953இல் பிரான்சிலேயே காலமானார்.