குத்துச்சண்டை மாவீரர் ஜோ லூயிஸ்

நமது மாத்தளை, கண்டி மாவட்டங்களில் முகில் தவழ நிற்கும் மலைத்தொடருக்கு ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போல அதன் சிகரங்கள் தோன்றியமையே காரணம். அமெரிக்காவின் டிட்ரோயிட் நகரிலும் ஒரு முட்டி உண்டு. 24 அடி நீளமான அந்த வெண்கலக் கரம் 1986இல் நிறுவப்பெற்றது. ஜோ லூயிஸ் என்னும் குத்துச்சண்டை வீரருக்கு எடுக்கப்பட்ட நினைவுச்சின்னம் அது.

அன்னார் 1914ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பின ஏழைகள். அவர்களின் எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவர் இவர். கோப்பித் தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு அந்த வாழ்வின் வறுமையை விளக்க வேண்டுவதில்லை.

1926இல் குடும்பம் டிட்ரோயிட்டுக்குக் குடிபெயர்ந்தது. மகன் வயலின் பயில வேண்டுமென்று தாய் சிறுகச் சிறுகப் பணம் கொடுத்தார். மகனோ அதனைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் செலுத்தினார். 1932இல் ஆடிய முதற் போட்டியில் அவருக்குக் கிடைத்தது படுதோல்வி. இரண்டே சுற்றுகளில் ஏழு முறை தரையில் வீழ்ந்தார். மனமுடைந்து மோட்டார்த் தொழிற்சாலையில் கூலிவேலை செய்தார். எனினும் ஆர்வம் விடவில்லை. மீண்டும் களம் புகுந்து, 1934இல் தொழில்முறை சாராத வீரர்களுக்கான தேசியப் பட்டத்தை வென்றார்.

அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் சிக்காகோவில் தொழில்முறை வீரராக முதன்முதல் மோதி, முதற் சுற்றிலேயே எதிரியை வீழ்த்தினார். வீழ்ந்தவர் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிடின் போட்டி முடிந்தது. அத்தகைய வெற்றிகளே லூயிஸின் கீர்த்தியைப் பரப்பின. கால்களை நன்கு ஊன்றி, உடலின் பாரம் முழுவதையும் குறுகிய குத்தொன்றிலே செலுத்தும் வித்தையை அவருக்குக் கற்பித்தவர் ஜாக் பிளக்பேர்ன் என்னும் ஆசான். 1935இல் முன்னாள் உலக வீரர்களான கார்னேராவை ஆறாம் சுற்றிலும் பேயரை நான்காம் சுற்றிலும் வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 21.

புகழோடு அலட்சியமும் வந்தது. 1936இல் ஜேர்மன் வீரர் மக்ஸ் ஷ்மெலிங்கை எதிர்கொள்ளுமுன் பயிற்சியைக் குறைத்து, கோல்ப் ஆட்டத்தில் பொழுது போக்கினார். ஷ்மெலிங்கோ லூயிஸின் போட்டிகளைப் படச்சுருளில் கூர்ந்து ஆராய்ந்திருந்தார். குத்தியபின் லூயிஸின் இடக்கை சற்றுத் தாழ்வதை அவர் கண்டுகொண்டார். அந்த இடைவெளியில் ஓயாது தாக்கி, பன்னிரண்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார்.

லூயிஸ் சாக்குப்போக்குத் தேடவில்லை, குறையைத் திருத்தினார். ஜாக் ஜோன்சன் 1915இல் பட்டம் இழந்தபின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பினத்தவருக்கும் பாரப்பிரிவின் உலகப் பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்பளிக்கப்படவில்லை. 1937 ஜூன் 22இல் பிராடக்கை எட்டாம் சுற்றில் வென்று அந்தத் தடையை உடைத்தார். சரியாக ஓராண்டின் பின் நியூயோர்க்கில் ஏறத்தாழ 70,000 பேர் முன்னிலையில் ஷ்மெலிங்கை மீண்டும் சந்தித்தார். ஹிட்லரின் இனவெறிக்கு எதிரான போராகவே உலகம் அதனைக் கண்டது. 2 நிமிடம் 4 செக்கனில் ஷ்மெலிங் வீழ்ந்தார். அவர் ஹிட்லரின் கட்சியில் சேராதவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்து, 1949 வரை ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் உலக வீரராகத் திகழ்ந்தார். வறுமைக் காலத்தில் குடும்பம் பெற்ற அரச நிவாரணத்தைத் திருப்பிச் செலுத்தினார். 1942இல் இரு போட்டிகளின் ஊதியத்தைப் படையினர் நல நிதிகளுக்கு வழங்கித் தாமும் படையிற் சேர்ந்தார்.

ஆயினும் களத்தில் உயர்த்திய காவற்கரம் பண விஷயத்தில் தாழ்ந்தே இருந்தது. கணக்கின்றிக் கொடுத்தார், கணக்கின்றிச் செலவிட்டார். வரிக்கடன் மலைபோல் வளர்ந்தது. ஓய்வு பெற்றவர் கடனடைக்க மீண்டும் களமேறி, 1951இல் இளம் வீரர் மார்சியானோவிடம் வீழ்ந்தார். 1981 ஏப்ரல் 12இல் காலமானபோது இறுதிச் சடங்கின் செலவுக்கு உதவியோருள் ஒருவர் பழைய எதிரியான ஷ்மெலிங். பகை நட்பாகி நெடுங்காலமாயிருந்தது.

இளைஞர்களே! ஏழு முறை வீழ்ந்தவர் எழுந்து உலகை வென்றது மெய். வென்றவர் அயர்ந்தபோது வீழ்ந்ததும் மெய். ஓங்கும் கை ஒன்றாயின், காக்கும் கை மற்றொன்று. விளையாட்டிலும் வாழ்விலும் இரண்டையும் பயிலுவோமாக.